நெடிய அலைக்குச் சுவர் இல்லை

பக்கத்துத் தெருவில் ஒலிபெருக்கி கட்டிப் பயான் நடக்கிறது. நாம் புளொக் கல்லால் கட்டிய வீட்டுக்குள், கதவையும் யன்னலையும் சாத்திக்கொண்டு இருக்கிறோம். பேசுகிறவர் வயதானவரா இளையவரா என்று சொல்ல முடிகிறது. குரலை எங்கே உயர்த்துகிறார், எங்கே தாழ்த்துகிறார் என்பதும் தெரிகிறது. என்ன பேசுகிறார் என்பது மட்டும் பிடிபடுவதில்லை. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை என்று வீடும் வீடும் தோள் உரசி நிற்கும் இந்தக் கரையோர ஊர்களில் இது எல்லாருக்கும் பழகிப்போன அனுபவம்.

ஒலி குறைந்ததுதான் காரணம் என்றால், மெதுவாகப் பேசும் எந்தப் பேச்சும் புரியாமல் போக வேண்டும். காதோடு காதாகச் சொல்லும் இரகசியமோ தெளிவாகப் புரிகிறது. ஆகவே சுவர் ஒலியைக் குறைப்பதோடு நிற்கவில்லை. எதை விடுவது, எதை மறிப்பது என்று தெரிவும் செய்கிறது. உயிரொலிகளின் பலத்தில் பெரும்பகுதி செக்கனுக்குச் சில நூறு அதிர்வுகளில் இருக்கிறது. ச, த, ப போன்ற மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூர்மையோ பெரும்பாலும் 2000 அதிர்வுகளுக்கு மேலே இருக்கிறது. முன்னது சுவரைக் கடந்து வருகிறது. பின்னது வெளியே தங்கிவிடுகிறது.

இதே தெரிவு வானத்திலும் நடக்கிறது. ஜூன் மாதக் கடைசியில், கச்சான் காற்று மேகங்களைத் துடைத்துவிட்ட ஒரு நள்ளிரவில், கல்முனைக் கடற்கரையில் தெற்கு நோக்கி நின்றால், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 54 பாகை உயரத்தில் தனுசு இராசி நிற்கும். கல்முனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழரைப் பாகைக்குள் இருப்பதால் கிடைத்த வாய்ப்பு இது. இலண்டனில் அதே இடம் பத்துப் பாகைகூட ஏறுவதில்லை. அந்த இராசியின் அம்பு நுனியில் உள்ள நட்சத்திரத்துக்கு அல்-நஸ்ல் என்று அரபுப் பெயர். அதை அடுத்துத்தான் நமது பால்வீதியின் மையம் இருக்கிறது. தூரம் ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு. ஆனால் எவ்வளவு பெரிய தொலைநோக்கியைக் கொண்டு கண்ணால் பார்த்தாலும் அந்த மையம் தெரியாது. இடையே ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரும் தெரிவு செய்துதான் வழி விடுகிறது.

வீட்டுச் சுவர், தெருவின் ஓசை, பால்வீதியின் மையம் ஆகிய மூன்றையும் ஆராய்கிறவர்கள் வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு கருவிகளோடு வேலை செய்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த அலை தப்பி வருகிறது?

ஒரே அளவுகோலின் இரண்டு பெயர்கள்

முதலில் அளவுகோலைப் பார்த்துவிடுவோம். நமது காதும் கண்ணும் கூட்டல் கணக்கில் உணர்வதில்லை. மடங்குக் கணக்கில் உணர்கின்றன. ஒலியின் வலு பத்து மடங்கானால்தான் சத்தம் ஏறக்குறைய இரட்டித்தது போலத் தோன்றும். இந்தப் பத்து மடங்கைத்தான் 10 டெசிபல் என்கிறோம். நூறு மடங்கு 20 டெசிபல். ஆயிரம் மடங்கு 30. மனிதக் காதுக்கு மட்டுமட்டாகக் கேட்கும் ஒலியிலிருந்து காது வலிக்கத் தொடங்கும் ஒலி வரை ஏறக்குறைய 120 டெசிபல், அதாவது ஒரு இலட்சம் கோடி மடங்கு.

டெசிபல் தொலைபேசிக்காரர்களின் அளவு. நீண்ட கம்பியில் பேச்சு எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிட அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்தார் 1920களில் அதை உருவாக்கினார்கள். வானியலாளர்களிடம் அதைவிட மிகப் பழைய அளவு ஒன்று இருந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களை ஆறு படிகளாகப் பிரித்து, மிகப் பிரகாசமானவற்றை முதற் பருமன், மிக மங்கலானவற்றை ஆறாம் பருமன் என்றார்கள் கிரேக்கர்கள். அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி 964ஆம் ஆண்டளவில் எழுதிய நிலைத்த நட்சத்திரங்களின் நூலில் அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகத் தம் கண்ணால் சரிபார்த்துத் திருத்தினார். அந்திரொமீடா விண்மீன் மண்டலத்தை ஒரு சிறு மேகம் என்று முதன்முதலில் பதிவு செய்ததும் அதே நூல்தான்.

இந்தப் படிகளுக்குக் கணித உருவம் கொடுத்தவர் நோர்மன் பொக்சன். முதற் பருமன் நட்சத்திரம் ஆறாம் பருமன் நட்சத்திரத்தைவிட நூறு மடங்கு பிரகாசம் என்று 1856இல் வரையறுத்தார். ஐந்து படிக்கு நூறு மடங்கு என்றால் ஒரு படிக்கு ஏறக்குறைய 2.512 மடங்கு. இந்த வரையறையை வகுத்தபோது அவர் ஒக்ஸ்போர்ட்டில் இருந்தார். 1861இல் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றவர், 1891இல் இறக்கும்வரை நுங்கம்பாக்கத்திலேயே வேலை செய்தார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் அங்கிருந்து ஒரு மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் இன்றும் பொக்சனின் அளவையே பயன்படுத்துகிறது.

இனி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து பருமனுக்கு நூறு மடங்கு. இருபது டெசிபலுக்கும் நூறு மடங்கு. ஆகவே ஒரு பருமன் என்பது சரியாக 4 டெசிபல். இது தோராயம் அல்ல. வரையறையிலிருந்தே வரும் சமன். கட்டடப் பொறியியலாளர் சுவரைப் பற்றிச் சொல்லும் எண்ணையும் வானியலாளர் தூசைப் பற்றிச் சொல்லும் எண்ணையும் ஒரே தராசில் நிறுக்க இது போதும்.

சுவரின் கணக்கு

ஒலி சுவரில் மோதும்போது அதை முன்னும் பின்னும் அசைக்கப் பார்க்கிறது. சுவர் கொஞ்சமாவது அசைந்தால் மறுபக்கக் காற்று அசையும்; அதுதான் நமக்குக் கேட்கும் மிச்சம். நெல் மூட்டைகள் ஏற்றிய கைவண்டியை நிதானமாக முன்னும் பின்னும் தள்ளினால் அது நகர்ந்து கொடுக்கும். வெடுக் வெடுக்கென்று தள்ளினால் நின்ற இடத்திலேயே நிற்கும். சுவரும் அப்படியே மெதுவான அதிர்வுக்கு இணங்கிப் போகிறது, வேகமான அதிர்வுக்கு அசைய மறுக்கிறது.

இதைத் திணிவு விதி என்பார்கள். சுவரின் எடை இரட்டித்தால் அது மறிக்கும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். ஒலியின் மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்ற எண், இரட்டித்தாலும் அதே 6 டெசிபல் கூடும். 100 ஹேர்ட்ஸிலிருந்து 1600 ஹேர்ட்ஸுக்கு நான்கு தடவை இரட்டிக்க வேண்டும். ஆகவே ஒரே சுவர் 1600 ஹேர்ட்ஸ் ஒலியை 100 ஹேர்ட்ஸ் ஒலியைவிட 24 டெசிபல், அதாவது ஏறக்குறைய 250 மடங்கு கூடுதலாக மறிக்கிறது. உண்மையான சுவர்கள் தமது சொந்த அதிர்வுகளால் இந்த விதியிலிருந்து அங்கங்கே விலகும், போக்கு மாறாது.

இரு பக்கமும் பூசிய புளொக் சுவர் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 200 கிலோகிராம் இருக்கும். பேச்சின் மீடிறன்களில் அது 45 டெசிபல் அளவுக்கு மறிக்கக்கூடியது. பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட உள்ளே வராது. அப்படியானால் ஏன் தெரு முழுவதும் வீட்டுக்குள் கேட்கிறது? யன்னலை எந்நேரமும் சாத்தி இந்தக் கரையில் வாழ முடியாது என்பதே பதில். ஒரு சுவரின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத்தில் 10 டெசிபலுக்கு மேல் மறிக்க முடியாது. நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் உச்சம் 20. காற்றுக்காக நிலைக்கு மேலே வைக்கும் துளைக் கற்களின் வரிசை ஒன்றே 45ஐ இருபதாக்கிவிடும். சுவருக்குச் செலவழித்த சீமெந்தின் பெரும்பகுதி, ஒலியைப் பொறுத்தவரை, அந்தத் துளைகளால் பயனற்றுப் போகிறது.

மதிலின் கதை வேறு. இந்த ஊர்களில் வீட்டைச் சுற்றி உயரமான மதில் எழுப்புவது வழக்கம்; முன்னர் அந்த இடத்தில் கிடுகு வேலி இருந்தது. மதிலால் பார்வை முழுதாக மறைகிறது. ஓசை அரைகுறையாகவே மறைகிறது. ஒளியின் அலைநீளம் அரை மைக்ரோமீற்றர், ஒரு மில்லிமீற்றரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீற்றர், அதாவது மதிலின் உயரத்தையே விஞ்சிய நீளம். தன்னைவிடச் சிறிய தடையை அலை பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மேலால் வளைந்து இறங்கிவிடுகிறது. காலையில் வரும் சூன் பாண் வண்டி பீத்தோவனின் மெட்டொன்றை மெல்லிய உயர்ந்த சுரங்களில் இசைத்துக்கொண்டு வரும். அது மூலை திரும்பியதும் மெட்டு மங்கிவிடும். அதே மூலைக்கு அப்பால் கல்முனை-அக்கரைப்பற்று வீதியில் நிற்கும் பஸ்ஸின் இயந்திர முழக்கமோ மங்குவதில்லை.

அறைக்குள் தங்கும் ஒலி

உள்ளே வந்த ஒலி என்ன ஆகிறது என்பதை முதலில் அளந்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் பேச்சு புரியவில்லை. ஒரு சொல் ஐந்து செக்கனுக்கு மேலாக எதிரொலித்துக்கொண்டே இருந்தது. இரவில் தெரு அடங்கிய பிறகு சபைன் ஓர் ஓர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் கணக்கெடுத்தார். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டு மறுபடியும் கணக்கெடுத்தார். அறையின் கனவளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள பொருள்கள் உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் செக்கனில் கிடைக்கும் என்ற எளிய சூத்திரம் அதிலிருந்து பிறந்தது. திறந்த யன்னலே அதன் அலகு: ஒரு சதுர மீற்றர் திறந்த யன்னல் ஒரு சதுர மீற்றர் முழு உறிஞ்சல்.

இதை நமது வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் உயரம் கொண்ட ஒரு வெற்று மண்டபம். கனவளவு 60 கன மீற்றர். சுவர், தளம், மேற்கூரை எல்லாம் சேர்த்து 94 சதுர மீற்றர். பூசிய சீமெந்து தன்மேல் விழும் ஒலியில் நூறில் இரண்டு பங்கையே உறிஞ்சும். யன்னல்கள் மூடியிருந்தால் ஒலி அடங்க ஐந்து செக்கன் எடுக்கும். மூன்று சதுர மீற்றர் யன்னலைத் திறந்தால் இரண்டு செக்கனாகிவிடும். இப்போது வெளிச்சத்தம் உள்ளே வருகிறது. மூடினால் வீட்டுச் சத்தம் வெளியே போக மறுக்கிறது. பாய், திரைச்சீலை, அலுமாரி, ஆட்கள் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் காப்பாற்றுகின்றன.

கிடுகு வீட்டில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அது வெளி ஒலியை மறிக்கவும் இல்லை, உள் ஒலியைத் தேக்கவும் இல்லை. அந்த வீடுகள் போய்விட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. நாட்டில் மிகக் கூடிய இழப்பு இங்கேதான். அதன் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. பின்னர் அதைத் தளர்த்தியது. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் கிடந்த ஒடுங்கிய மேட்டுநிலத்தில் சீமெந்து வீடுகள் நெருங்கின, தொடர்மாடிகள் எழுந்தன. ஒரு குடும்பத்தின் சுவர் இன்னொரு குடும்பத்தின் சுவராகவும் ஆனது.

சுவருக்கு உட்புறத்தில் தென்னைநார்ப் பலகை பதித்தால் ஒலி உறிஞ்சப்படும் என்று மலேசியப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். நல்ல யோசனை, தென்னை நமக்கும் உண்டு. ஆனால் இங்கேயும் அலைநீளமே விதிக்கிறது. நார்ப்பொருள் ஒன்று நன்றாக உறிஞ்ச, அதன் தடிப்பு அலைநீளத்தின் காற்பங்கை அண்டியிருக்க வேண்டும். 1000 ஹேர்ட்ஸுக்கு அது எட்டரை சென்ரிமீற்றர். 100 ஹேர்ட்ஸுக்கு 85 சென்ரிமீற்றர். அப்படியொரு பலகையைப் பதித்தால் அறையே மிஞ்சாது.

உமியும் விண்வெளித் தூசும்

இந்தச் சுவர் எதனால் ஆனது? ஒரு காலத்தில் வசதியுள்ள வீடுகளுக்குச் செங்கல்லும், முருகைக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பும் போயின. கடலரிப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் முருகைக்கல் அகழ்வைக் கட்டுப்படுத்தின. அந்த இடத்துக்குச் சீமெந்து வந்தது. உலகம் வெளியிடும் காபனீரொட்சைட்டில் ஏழெட்டு வீதம் சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகிறது.

சீமெந்தின் ஒரு பகுதிக்கு மாற்று, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் மலைபோலக் குவிகிறது. ஒரு தொன் நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 200 கிலோகிராம் உமி. அதை எரித்தால் 40 கிலோகிராம் சாம்பல். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்கனை உறிஞ்சி உமியில் சேர்க்கிறது. உமி சொரசொரப்பாக இருப்பதும், முன்னோர் உமிக்கரியால் பல் தேய்த்ததும் அதனால்தான். இந்தியாவில் பிறந்து கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பி. குமார் மேத்தா 1970களில் இதைச் சீமெந்தோடு சேர்க்கும் வழியை ஆராய்ந்தார். வெப்பநிலைதான் சூட்சுமம். ஏறக்குறைய 700 பாகை செல்சியஸுக்குக் கீழே எரித்தால் சிலிக்காவின் அணுக்கள் ஒழுங்கற்றுக் கிடக்கும். அப்படிக் கிடப்பதே எளிதில் வினைபுரியும். அளவுக்கு மீறிச் சூடேறினால் அவை பளிங்காக ஒழுங்குபட்டு மந்தமாகிவிடும்.

நல்ல சாம்பல், சீமெந்து இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்போடு சேர்ந்து, கொங்கிறீட்டின் நுண்துளைகளை அடைக்கும் பிணைப்புப் பொருளாக மாறுகிறது. உப்புக்காற்று கம்பியைத் தின்னும் கரையில் அது பெரிய விடயம். நெல் ஆலை அடுப்புகளில் கட்டுப்பாடில்லாமல் எரிந்த சாம்பல் எல்லாம் இதற்கு உதவாது. ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் வழிகளில் ஒன்று, சாம்பலின் ஊடாகச் செந்நிறக்கீழ்க் கதிரை, அதாவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பைவிட நெடிய அலைகளை, செலுத்துவது. சிலிக்கனும் ஒட்சிசனும் பிணைந்த இடம் குறிப்பிட்ட அலைநீளத்தில் அதிர்ந்து அந்தக் கதிரை விழுங்கும். உமிச்சாம்பலில் அது 9 மைக்ரோமீற்றருக்குச் சற்று மேலே நிகழ்கிறது. இறுகிய சீமெந்தில் 10க்குச் சற்று மேலே. பால்வீதியின் மையத்தை நோக்கிய தொலைநோக்கிகள் காணும் இருண்ட பள்ளம் இரண்டுக்கும் இடையில், 9.7இல் விழுகிறது. நடுவில் கிடக்கும் தூசும் சிலிக்கன்-ஒட்சிசன் பிணைப்பால் ஆனது. மக்னீசியமும் இரும்பும் கலந்திருப்பதால் அலைநீளம் சற்று நகர்கிறது. பள்ளம் கூர்மையாக இல்லாமல் அகன்று வழவழவென்று இருப்பதால், அந்தத் தூசும் உமிச்சாம்பலைப் போலவே அணுக்கள் ஒழுங்கற்றுக் கிடக்கும் பொருள் என்று அறிகிறோம்.

சிலிக்கேற்று மட்டும் போதாது. கொழும்பில் பிறந்து கேம்பிரிட்ஜுக்குப் போன சந்திரா விக்கிரமசிங்க, தமது ஆசிரியர் பிரெட் ஹொய்லுடன் சேர்ந்து 1962இல், தூசில் காரீயம் இருக்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். இலங்கையின் சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் அதே காபன். உயிர் விண்வெளியிலிருந்து வந்தது என்ற அவருடைய பிற்காலக் கூற்றுகளைப் பெரும்பாலான அறிவியலாளர் ஏற்கவில்லை. தூசில் காபன் கணிசமாக உண்டு என்பது நிலைத்துவிட்டது.

நூற்றிருபது டெசிபல் சுவர்

இந்தத் தூசு எவ்வளவு அடர்த்தி? சாதாரண விண்வெளியில் ஒவ்வொரு பக்கமும் நூறு மீற்றர் உள்ள ஒரு கனச்சதுரத்தில், மைக்ரோமீற்றரில் பத்தில் ஒரு பங்குள்ள ஒரே ஒரு துகள் இருந்தால் அதிகம். ஆயினும் 26,000 ஒளியாண்டுக்கு அது நீளும்போது, மையத்திலிருந்து புறப்பட்ட கட்புல ஒளி ஏறக்குறைய 30 பருமன் மங்கிவிடுகிறது. ஒரு பருமன் 4 டெசிபல்; ஆகவே 120 டெசிபல். காது வலிக்கும் ஒலியைக் கேட்கவே கேட்காத ஒலியாக்கும் சுவர் அது. எந்த வீட்டுச் சுவரும் அதில் பாதியை எட்டினாலே பெரிது.

இந்தச் சுவர் இருப்பதே நெடுங்காலம் தெரியவில்லை. வில்லியம் ஹேர்ஷல் 1785இல் வானத்தின் பல திசைகளிலும் நட்சத்திரங்களை எண்ணி, சூரியன் பால்வீதியின் நடுவை அண்டி இருப்பதாகப் படம் வரைந்தார். எல்லாத் திசையிலும் தூசு கண்ணை ஏறக்குறைய ஒரே தூரத்தில் மறித்ததால் அப்படித் தோன்றியது. ஹார்லோ ஷப்லி 1918இல் மையத்தைத் தனுசுப் பக்கம் நகர்த்தினார். நட்சத்திரங்களுக்கு இடையே ஒளியைத் தின்னும் பொருள் இருப்பதை ரொபேர்ட் டிரம்ப்ளர் 1930இல் நிறுவினார்.

கதவைத் திறந்தவர் வானியலாளர் அல்லர். பெல் நிறுவனத்தின் கார்ல் ஜான்ஸ்கி, கடல்கடந்த வானொலித் தொலைபேசியில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியும் வேலையில் இருந்தார். 14.6 மீற்றர் அலைநீளத்தில் கேட்கும் ஒரு சுழலும் அன்ரனாவைக் கட்டினார். அருகிலுள்ள இடி, தொலைவிலுள்ள இடி, இவை போக ஓயாத ஒரு சீறல் மிஞ்சியது. அது 24 மணிக்கு ஒருமுறை அல்ல, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சம் தொட்டது. சூரியனின் நாள் 24 மணி. நட்சத்திரங்களின் நாள்தான் 23 மணி 56 நிமிடம். சீறல் தனுசுத் திசையிலிருந்து வருகிறது என்று 1933இல் அறிவித்தார். அரை மைக்ரோமீற்றர் ஒளியை ஒரு இலட்சம் கோடி மடங்கு தேய்த்த தூசு, 14.6 மீற்றர் அலையைத் தீண்டவேயில்லை.

காரணம் வீட்டுச் சுவரின் காரணம் அல்ல. அங்கே திணிவு, இங்கே துகளின் அளவு. அலை தன்னைவிட மிகச் சிறிய துகளைக் கவனிக்காமல் கடக்கிறது. விளைவு மட்டும் ஒன்றே: நெடிய அலை வந்து சேர்கிறது. 2.2 மைக்ரோமீற்றர் செந்நிறக்கீழ்க் கதிரில் அந்த 120 டெசிபல் வெறும் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்குகிறது. அந்த இடுக்கின் ஊடாகத்தான் ரைன்ஹார்ட் கென்செல், அன்ட்ரியா கெஸ் ஆகியோரின் குழுக்கள் மையத்தைச் சுற்றும் நட்சத்திரங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தன. அவற்றில் ஒன்று 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. நடுவில் இருப்பது நாற்பது இலட்சம் சூரியன்களின் திணிவு கொண்ட கருந்துளை. 2020இன் இயற்பியல் நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. 1.3 மில்லிமீற்றர் அலைநீளத்தில் எடுத்த அதன் படம் 2022 மே 12இல் வெளியானது.

வெள்ளை விளக்கின் வேலை

தூசு ஒளியைக் கழிக்கிறது. வீதி விளக்கு ஒளியைக் கூட்டுகிறது. இரண்டாலும் வானம் மறைகிறது. மேல்நோக்கிக் கசியும் ஒளியைக் காற்று மூலக்கூறுகள் சிதறடித்துத் திருப்பி அனுப்ப, வானமே வெளுத்துவிடுகிறது. வெளிச்சமான ஊரில் ஆறாம் பருமன் நட்சத்திரங்கள் போய், மூன்றரை வரை உள்ளவையே எஞ்சினால் இழப்பு இரண்டரைப் பருமன், அதாவது 10 டெசிபல். எண்ணிக்கையிலோ, முழு வானத்தின் ஏறக்குறைய ஐயாயிரம் நட்சத்திரங்கள் சில நூறாகும்.

காற்றின் சிதறலும் அலைநீளத்தைப் பார்த்தே நடக்கிறது. குறுகிய அலை பன்மடங்கு கூடுதலாகச் சிதறும். 450 நனோமீற்றர் நீலம், 600 நனோமீற்றர் செம்மஞ்சளைவிட மூன்று மடங்குக்கு மேல். பழைய சோடியம் விளக்குகளுக்குப் பதிலாக வரும் வெள்ளை எல்.ஈ.டி.யில் நீலம் அதிகம். எல்.ஈ.டி.யை விட வேண்டியதில்லை. மஞ்சள் சாயலுள்ளதைத் தெரிந்து, மேலே மறைப்பு வைத்து, ஒளியைத் தெருவுக்கே திருப்பினால் போதும். கிழக்கே கடல் இருட்டாக இருக்கும் ஓர் ஊருக்கு அது மலிவான இலாபம். சுபஹ் நேரத்தைக் கணிக்கப் பலரும் கொள்ளும் அளவு சூரியன் அடிவானத்துக்கு 18 பாகை கீழே இருக்கும் கணம். வானியலாளர் தமது இரவு முடிந்ததாகக் கணக்கிடுவதும் அதே கணத்தில்தான். வெளுத்த வானத்தில் அந்த முதல் வெளிச்சத்தைக் கண்ணால் பிரித்தறிய முடியாது.

மானி கேட்காத ஒலி

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, மாநகர சபைப் பகுதியில் பகலில் 63 டெசிபல், இரவில் 50 டெசிபல் உச்சம். பதின்மூன்று டெசிபல் வேறுபாடு சிறிதாகத் தோன்றும். வலுவில் அது இருபது மடங்கு. வெலிகமையில் எழுந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2007இல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கலாகாது என்று பணித்து, யாரையும் கட்டாயக் கேட்பவராக்க முடியாது என்றது. மாநகர சபையான கல்முனைக்கும் இவை பொருந்தும்.

ஆனால் அந்த 63ஐயும் 50ஐயும் எந்த மானியால், எங்கே வைத்து அளக்கிறார்கள்? இரைச்சல் எழும் காணியின் எல்லையில், ஏ-நிறை என்ற முறையில். காது தாழ்ந்த சுரங்களை மந்தமாகவே கேட்கிறது என்பதை பெல் ஆய்வகத்தின் பிளெச்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினார்கள். ஜான்ஸ்கி அறிவித்த அதே ஆண்டு, அதே நிறுவனம். அதன் வழியில் வந்த ஏ-நிறை, 100 ஹேர்ட்ஸ் ஒலியிலிருந்து 19 டெசிபலையும் 50 ஹேர்ட்ஸ் ஒலியிலிருந்து 30 டெசிபலையும் கழித்துவிட்டே எண்ணைக் காட்டும்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு. காணி எல்லையில் இரண்டு ஒலிகள்: ஜெனரேட்டரின் 100 ஹேர்ட்ஸ் முழக்கம் 80 டெசிபல்; ஓர் ஊதலின் 1600 ஹேர்ட்ஸ் ஒலியும் 80. ஏ-நிறை மானி முதலாவதை 61 என்றும் இரண்டாவதை 81 என்றும் காட்டும். அதிகாரி ஊதலைத்தான் பிடிப்பார். பக்கத்து வீட்டுச் சுவர் முதலாவதை 25 டெசிபலும், திணிவு விதிப்படி இரண்டாவதை 49 டெசிபலும் குறைப்பதாகக் கொள்வோம். படுக்கையறையில் இப்போது முழக்கம் 55, ஊதல் 31. ஏ-நிறைப்படி பார்த்தாலும் 36க்கு 32, முழக்கமே வெல்கிறது. எல்லையில் 20 டெசிபல் பின்தங்கியிருந்தது, தூங்குகிறவரின் தலைமாட்டில் முந்திவிட்டது.

ஏ-நிறை பிழையான அளவு அல்ல. திறந்த வெளியில் நிற்கும் காதுக்கு அது பொருந்தும். சுவருக்கு அப்பால் இருக்கும் காதுக்கு அது ஹேர்ஷலின் கண்தான். அவருடைய எண்ணிக்கையும் பிழையல்ல. வந்து சேரும் அலையை அவருடைய கருவியால் காண முடியவில்லை, அவ்வளவே. தாழ்ந்த சுரம் மிகுந்த இரைச்சலுக்கு உச்சவரம்பைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 1999இல் பரிந்துரைத்தது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. தாழ்ந்த சுரங்களை ஏறக்குறைய முழுதாக எண்ணும் சி-நிறை என்ற தெரிவு நல்ல ஒலிமானிகளில் ஏற்கனவே இருக்கிறது. ஜெனரேட்டர், அரிசி ஆலை, ஒலிபெருக்கி பற்றிய முறைப்பாடு வரும்போது இரண்டு எண்களையும் குறித்து, ஓர் அளவை முறைப்பாடு செய்தவரின் படுக்கையறையிலும் எடுக்க வேண்டும். இரண்டு எண்களுக்கும் இடையே இருபது டெசிபல் வேறுபாடு இருந்தால், சுவரைக் கனமாக்கும்படி அவருக்குப் புத்தி சொல்வதில் பயனில்லை. சுவர் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. மிச்சத்தைச் சத்தம் பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் எவரும் ஒரு மானியோடு இந்த ஊர்களில் அந்தப் பட்டியலைத் தொடங்கலாம். முதற் பக்கத்தில் எழுத வேண்டிய கேள்வி, சத்தம் எவ்வளவு என்பதல்ல, எந்த அலைநீளத்தில் என்பதே.